பாலைவனப் பாலூட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சகாரா, அரேபியா, தார், கலகாரி, நமீபு, சொனோரா, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி ஆகிய வெப்பப் பாலைவனங்களில் வாழும் பாலூட்டிகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை இவை. கோபி போன்ற குளிர்ப் பாலைவனங்களை இதில் சேர்க்கவில்லை. ஆகவே கீழே ஒட்டகம் என்று வருவதெல்லாம் ஒற்றைத் திமில் ஒட்டகம்தான்.

அந்த வெயிலை இவை எப்படித் தாங்குகின்றன?

பெரும்பாலானவை தாங்குவதில்லை, ஒதுங்கிக்கொள்கின்றன. கோடை நண்பகலில் மணலின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸ் வரை காயும். அதே இடத்தில் முக்கால் மீட்டர் தோண்டிப் பார்த்தால் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் தெரியாது. பாலைவனப் பாலூட்டி இனங்களில் பெரும்பகுதி எலி வகையைச் சேர்ந்த சிறு விலங்குகள். அவற்றில் பெரும்பாலானவை பகல் முழுவதும் வளைக்குள்ளேயே கிடக்கும்.

ஜெர்போவாவைப் பாருங்கள். நீண்ட பின்னங்கால்களால் தாவி ஓடும் சின்னஞ்சிறு பிராணி அது. கோடையில் வளைக்குள் போனதும் வாசலை மண்ணால் அடைத்துவிடும். வெளிச்சூடு உள்ளே வராது, மூச்சில் வந்த ஈரம் வெளியே போகாது, பாம்பும் எளிதில் நுழையாது.

உண்மையில் வெயில் பிரச்சினை என்பதே தண்ணீர்ப் பிரச்சினைதான். வியர்த்தால் உடம்பு குளிரும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போய்விடும். ஆனால் அந்த ஒரு லிட்டரை எங்கிருந்து ஈடு செய்வது? இனி வரும் பதில்கள் எல்லாமே சுற்றிச் சுற்றி இந்த வரவு செலவுக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

பெரிய விலங்குக்கு எளிதா, சின்ன விலங்குக்கு எளிதா?

இரண்டுக்கும் வழி வேறு. உடம்பு சிறுத்தால் எடைக்குத் தோல்பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் சூடேறும். 100 கிராம் எலி ஒன்று வெட்டவெளியில் நின்று வியர்த்தே சமாளிக்க வேண்டுமானால், ஒவ்வொரு மணி நேரமும் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீரை இழக்க வேண்டியிருக்கும். மதியத்துக்குள் செத்துவிடும். ஆனால் அது ஒரு வளைக்குள் நுழைந்துகொள்ளலாம். ஒட்டகத்தால் வளை தோண்ட முடியாது. பதிலுக்கு அதன் பேருடல் சூடேற ஒரு முழுப் பகல் ஆகும்.

நடுவில் மாட்டிக்கொள்பவைதான் முயல், சிறுமான், நரி போன்றவை. இவை புதர் நிழல், பாறை இடுக்கு, இரையின் ஈரம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் பிழைக்கின்றன.

பகலிலேயே நடமாடும் சிறு விலங்குகளும் உண்டு. வட அமெரிக்கப் பாலைவனங்களின் மான் அணில் தன் உடல் வெப்பத்தை 42 டிகிரிக்கு மேல் ஏறவிட்டுக்கொண்டே இரை தேடும். பிறகு வளைக்குள் ஓடிக் குளிர்ந்த தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துச் சூட்டை இறக்கும். இறங்கியதும் மறுபடி வெளியே. தெற்கு ஆப்பிரிக்காவின் தரை அணில் புசுபுசு வாலை முதுகின் மேல் விரித்துக் குடை பிடித்துக்கொண்டே மேயும்.

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறதா?

இல்லை. அது கொழுப்பு. தீவனம் இல்லாத காலத்துக்கான சேமிப்பு. பட்டினி கிடந்த ஒட்டகத்தின் திமில் சுருங்கி ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

"கொழுப்பு எரிந்தால் தண்ணீர் வருமே?" என்று அடுத்த கேள்வி வரும். வரும்தான். ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் சுமார் 1.07 கிராம் நீர் உண்டாகும். 40 கிலோ திமில் என்றால் 43 லிட்டர் ஆயிற்றே என்று தோன்றும். ஆனால் அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜனுக்கு மூச்சு விட வேண்டும், வறண்ட காற்றில் விடும் ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போகும். கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை, நட்டம்கூட வரலாம்.

கொழுப்பு ஒரே இடத்தில் குவிந்திருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. உடம்பு முழுக்கத் தோலுக்கடியில் பரவியிருந்தால் அது கம்பளி போர்த்தியதுபோல் ஆகி, உள்வெப்பம் வெளியேற விடாது.

அப்படியானால் ஒட்டகம் தண்ணீரை எங்கேதான் மிச்சப்படுத்துகிறது?

பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக. இதை அளந்து காட்டியவர் உடலியல் அறிஞர் க்னுட் ஷ்மிட்-நீல்சன். 1950களில் அல்ஜீரியச் சகாராவில் உள்ள பெனி அப்பேஸில் தங்கி ஒட்டகங்களை எடைபோட்டு, வெப்பம் பார்த்து, கணக்கெழுதினார்.

முதல் மிச்சம் உடல் வெப்பத்தில். நமக்கு 37 டிகிரியிலிருந்து இரண்டு மூன்று டிகிரி ஏறினால் படுக்கைதான். தண்ணீர் கிடைக்காத ஒட்டகமோ விடியற்காலையில் 34 டிகிரிக்கு இறங்கி, பிற்பகலில் 40 டிகிரிக்கு மேல் ஏறும். 500 கிலோ ஒட்டகம் 6 டிகிரி ஏறினால் சுமார் 2,500 கிலோகலோரி வெப்பத்தை உடம்புக்குள் வாங்கி வைக்கிறது. அதை வியர்த்து வெளியேற்ற நான்கு லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். ஒட்டகம் வியர்க்காமல் இரவு வரை பொறுத்திருந்து, குளிர்ந்த காற்றில் சும்மாவே அதை விட்டுவிடுகிறது. தினமும் தண்ணீர் கிடைக்கும் ஒட்டகம் இந்த வித்தையைச் செய்வதில்லை. அதன் ஏற்ற இறக்கம் சுமார் 2 டிகிரிதான். தேவை வந்தால் மட்டும் இயங்கும் ஏற்பாடு இது.

இரண்டாவது, முதுகு ரோமம். வெயிலில் ரோமத்தின் வெளிப்புறம் தோலைவிட மிகவும் சூடாக இருக்கும். வெப்பம் தோல்வரை வந்து சேர்வதில்லை. ரோமத்தை மழித்துப் பார்த்தபோது, அந்த ஒட்டகத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீர் செலவானது. கோடையில் ஒட்டகத்தை ஒட்ட மழிப்பது குளிர்ச்சி தரும் என்று நினைப்பது தப்புக் கணக்கு.

மூன்றாவது, மூக்கு. உள்ளே சுருள் சுருளான பரப்பு. இழுக்கும் வறண்ட காற்று அந்தப் பரப்பைக் குளிர்விக்கிறது. வெளியே வரும் ஈரக்காற்று அதே குளிர்ந்த பரப்பின் மேல் படும்போது ஈரத்தில் ஒரு பகுதியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது.

பிறகு உட்காரும் முறை. வெயில் ஏறினால் ஒட்டகம் சூரியனுக்கு நேராக முகத்தை வைத்து உட்காரும், மேலே படும் வெயில் குறையும். நெஞ்சின் கீழுள்ள தடித்த திட்டு உடம்பைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடிப்பதால் அடியில் காற்று புகும். கூட்டமாக இருந்தால் ஒன்றையொன்று நெருக்கி அமரும். பார்ப்பவருக்குப் புழுக்கமாகத் தோன்றும், ஆனால் வெயில் படும் பக்கங்கள் குறைகின்றன.

எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கும்?

ஒரே எண்ணாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். குளிர்காலத்தில் பச்சை மேய்ச்சல் கிடைத்தால் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பக்கமே போகாது. கோடையில் காய்ந்த தீவனம் மட்டும் தின்று, சுமையும் தூக்கினால் ஒரு வாரத்திலேயே தளர்ந்துவிடும். தீவனம், வெயில், வேலை மூன்றும் சேர்ந்துதான் நாளைத் தீர்மானிக்கின்றன.

எவ்வளவு இழக்கலாம் என்பதற்குத்தான் உறுதியான பதில் உண்டு. வெயிலில் மனிதன் உடல் எடையில் 12 சதவீத நீரை இழந்தால் பிழைப்பது அரிது. ரத்தம் கெட்டிப்பட்டு, உள்வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவர முடியாமல், உடல் திடீரென்று கொதித்துப் போகும். ஒட்டகம் 25 சதவீதம் இழந்தும் நடக்கும். திசுக்களில் உள்ள நீர்தான் முதலில் போகிறது. ரத்தத்தின் நீர் அதிகம் குறைவதில்லை.

அப்படி வற்றிய ஒட்டகம் தொட்டிக்கு வந்தால் பத்தே நிமிடத்தில் சுமார் 100 லிட்டர் குடிக்கும். வேறு பல விலங்குகள் இவ்வளவு வேகமாகக் குடித்தால் ரத்தம் சட்டென்று நீர்த்துச் சிவப்பணுக்கள் வெடிக்கும். ஒட்டகத்தின் சிவப்பணு முட்டை வடிவம். பழைய கன அளவைப்போல 240 சதவீதம் வரை உப்பினாலும் உடையாது.

கங்காரு எலி தண்ணீரே குடிக்காது என்பது உண்மையா?

உண்மை. வட அமெரிக்கப் பாலைவனங்களின் இந்தச் சிறு பிராணி காய்ந்த விதைகளை மட்டும் தின்று வாழ்நாளை ஓட்டிவிடும். எப்படி என்பதற்கு ஷ்மிட்-நீல்சன் போட்ட கணக்கைப் பார்த்தால் போதும். உமி நீக்கிய வாற்கோதுமை 100 கிராம். இதைத் தின்று முடிக்க அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம். சுற்றியுள்ள காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம்.

வரவு: தானியம் உடலில் எரிந்து உண்டான நீர் 54 மில்லி. தானியத்திலேயே ஒட்டியிருந்த ஈரம் 6 மில்லி. ஆக 60.

செலவு: மூச்சிலும் தோலிலும் ஆவியானது 43.9 மில்லி. சிறுநீர் 13.5. புழுக்கையில் 2.6. ஆக 60.

சொட்டு மிச்சமில்லை, சொட்டுக் கடனும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு எங்கெல்லாம் உடையும் என்பதுதான் சுவாரசியம். காற்றின் ஈரப்பதம் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் மூச்சுச் செலவு வரவை மிஞ்சிவிடும். வளைக்குள் பகலைக் கழிப்பதும், இரவில் மட்டும் வெளியே வருவதும் இதனால்தான். வளையில் சேமித்த விதைகள் அங்குள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதுவும் ஒரு வரவு.

தீனி மாறினாலும் கணக்கு உடையும். சோயாபீன்ஸ் போன்ற புரதம் மிகுந்த விதையை மட்டும் கொடுத்தால், புரதக் கழிவான யூரியாவை வெளியேற்றச் சிறுநீர் அதிகம் வேண்டும். தண்ணீர் இல்லாமல் எலி செத்துவிடும். அந்த நிலையில் அவற்றுக்குக் கடல்நீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்துவிட்டு நன்றாகவே இருந்தன.

கடல்நீரைக் குடித்துமா? அவ்வளவு வலுவான சிறுநீரகமா?

ஆம். சிறுநீரின் செறிவை மில்லி ஆஸ்மால் என்ற அலகில் அளக்கிறார்கள். கடல்நீர் சுமார் 1,000. மனிதனால் முக்கிப் பார்த்தாலும் 1,400. அதிலும் வெறும் உப்பை இவ்வளவு செறிவாக வெளியேற்ற முடியாது என்பதால்தான் நாம் கடல்நீரைக் குடித்தால் தாகம் கூடுகிறது. ஒட்டகம் சுமார் 2,800, கங்காரு எலி 5,500. ஆஸ்திரேலியாவின் தாவும் சுண்டெலி 9,000-ஐத் தாண்டும். சிறுநீரகத்தின் உட்பகுதியில் கொண்டை ஊசிபோல் வளைந்திறங்கும் நுண்குழாய்கள் எவ்வளவு நீளமோ அவ்வளவு செறிவு. பாலைவன எலியின் சிறுநீரகத்தை நெடுக வெட்டினால், அந்த உட்பகுதி கூம்பாக நீண்டு சிறுநீர்க் குழாய்க்குள்ளேயே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

உப்புச் செடிகளைத் தின்னும் எலிகள் உண்டாமே?

வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் உள்ள கொழுத்த மணல் எலி அப்படிப்பட்டது. உவர்நிலத்தில் வளரும் ஒருவகைச் சதைப்பற்றுள்ள செடியின் இலைதான் அதன் சாப்பாடு. இலையில் பெரும்பகுதி நீர், ஆனால் மேல்தோலில் உப்புக் குவிந்திருக்கும். எலி இலையை முன்கால்களில் பிடித்து, பல்லால் மேல்தோலைச் சுரண்டித் தள்ளிவிட்டு உள்ளே இருப்பதைத் தின்னும். இலை ஈரமாக இருக்கும் பருவத்தில் குறைவாகச் சுரண்டும், காய்ந்த பருவத்தில் அதிகம். ஆர்ஜென்டினாவின் உப்புச் சமவெளிகளில் வாழும் ஓர் எலிக்கு இதற்கென்றே வாயில், பற்களுக்குப் பின்னால், விறைப்பான மயிர்க்கற்றைகள் உண்டு.

மணல் எலியைக் கூண்டில் வைத்துச் சாதாரண ஆய்வக எலித்தீனி கொடுத்தால் பலவற்றுக்கு நீரிழிவு வந்துவிடும். சத்துக் குறைந்த இலைக்குப் பழகிய உடம்பு, தானியத்தின் மாவுச்சத்தைத் தாங்காது. நீரிழிவு ஆய்வுகளில் இந்த எலி அடிக்கடி தென்படக் காரணம் இதுவே.

பெரிய காது எதற்கு?

சகாராவின் ஃபென்னெக் நரி பெரும்பாலும் ஒன்றரை கிலோகூட வராது. காது 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். மெல்லிய காதில் ரத்தம் ஓடி வெப்பம் வெளியேறுகிறது என்பது சரிதான். ஆனால் காற்று உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் அது நடக்கும். 45 டிகிரி நண்பகலில் காதுக்கு ரத்தம் அனுப்பினால் சூடு உள்ளேதான் வரும். அப்போது ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். அதைவிடப் பெரிய வேலை கேட்பது. மணலுக்கடியில் ஊரும் வண்டின் சத்தம் அந்த நரிக்குக் கேட்கும்.

மூளையைத் தனியாகக் குளிர்விக்கின்றன என்கிறார்களே?

மான் இனங்கள், ஒட்டகம், ஆடு, பூனை இவற்றில் மூளைக்குப் போகும் தமனி வலைபோல் பிரிந்து, மூக்கிலிருந்து வரும் குளிர்ந்த சிரை ரத்தத்தின் நடுவே செல்கிறது. மூளை வெந்துபோகாமல் காக்கவே இந்த ஏற்பாடு என்று நெடுங்காலம் எழுதினார்கள். ஆனால் காட்டுக் கழுதைக்கும் கங்காருவுக்கும் இந்த வலை கிடையாது, அவையும் பாலைவனத்தில்தான் இருக்கின்றன. உடலுக்குள் உணர்கருவி வைத்துத் திரியவிட்ட விலங்குகளில் அளந்தபோது வேறு விதமாகத் தெரிந்தது. தலைதெறிக்க ஓடும்போது, அதாவது மூளை மிகச் சூடாகும் நேரத்தில், இந்தக் குளிர்விப்பு நின்றுவிடுகிறது. சாதாரண வெப்பத்தில், உடலில் நீர் குறைந்திருக்கும்போது நன்றாக வேலை செய்கிறது. மூளையில்தான் வெப்பத்தை உணரும் மையம் இருக்கிறது. அதைக் குளிரவைத்தால் "வியர்வை வேண்டாம்" என்று அது முடிவெடுக்கும். இதுவும் தண்ணீரை மிச்சம்பிடிக்கும் தந்திரமே.

மணலில் கால் புதையாதா?

ஒட்டகத்தின் பாதம் அகன்ற மெத்தை, மிதித்தால் விரியும். அடாக்ஸ் மானின் குளம்பும் அகலமாக விரியும். மணற்பூனைக்கு உள்ளங்கால் முழுவதும் அடர்ந்த மயிர். சூடும் ஏறாது, புதையவும் புதையாது. நமீபு பாலைவனத்தின் தங்க அகழெலி மட்டும் எதிர்த்திசையில் போகிறது. கண் தெரியாத, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பிராணி, தளர்ந்த மணலுக்குள் நீந்தியே செல்லும். அவ்வப்போது தலையை மணலில் புதைத்து, கறையான்கள் இருக்கும் புல்மேட்டிலிருந்து வரும் அதிர்வைக் கேட்டுத் திசை பிடிக்கும்.

வறட்சியில் எப்படிக் குட்டி போடுகின்றன?

பெரும்பாலும் போடுவதில்லை, மழைக்குக் காத்திருக்கும். செங்கங்காருவின் முறை தனி. ஒரு குட்டி பையில் பால் குடிக்கும்போதே அடுத்த கரு சுமார் நூறு செல்கள் அளவில் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். வறட்சியில் பைக்குட்டி இறந்தால் அந்தக் கரு மறுபடி வளரத் தொடங்கும். வறட்சி நீண்டுகொண்டே போனால் தாய் கருத்தரிப்பதையே நிறுத்திவிடும்.

அழிந்துபோய்த் திரும்பி வந்தவை உண்டா?

அரேபிய ஓரிக்ஸ் என்னும் மான். காட்டில் கடைசியாக எஞ்சியவை 1972-இல் ஓமனில் வேட்டையாடப்பட்டன. அதற்குப் பத்தாண்டு முன்பே சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவின் பீனிக்ஸ் விலங்குக்காட்சியகத்தில் பெருக்கத் தொடங்கியிருந்தார்கள். 1982-இல் ஓமனின் ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளியில் திரும்ப விட்டார்கள். மறுபடி வேட்டை வந்தது. ஓமன் அரசு அங்கிருந்த ஓரிக்ஸ் சரணாலயத்தின் பரப்பை 90 சதவீதம் குறைத்ததால் 2007-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே எடுத்தது. இருந்தும் மற்ற நாடுகளில் விட்ட மந்தைகள் பெருகி, 2011-இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் ஓரிக்ஸின் நிலை ஒரு படி மேலே வந்தது. வளைகொம்பு ஓரிக்ஸ் 2016 முதல் சாட் நாட்டில் திரும்ப விடப்படுகிறது. அடாக்ஸ்தான் கவலைக்கிடம், காட்டில் எஞ்சியவை நூறுக்கும் கீழ் என்பது 2016-இன் மதிப்பீடு.

பகலில் ஒன்றும் கண்ணில் படவில்லை. என்ன இருக்கிறது என்று எப்படி அறிவது?

தடம் பாருங்கள். சூரியன் உதித்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் நல்ல பொழுது. சாய்வெயிலில் சின்னக் குழிக்கும் நிழல் விழும். தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்குமாறு நில்லுங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருந்தால் எதுவும் தெரியாது.

நரித்தடம் நீள்வட்டம், நகம் பதிந்திருக்கும். பூனைத்தடம் வட்டம், நகம் இருக்காது. மணற்பூனையின் தடம் மயிர் காரணமாக மங்கலாகத் தெரியும். ஜெர்போவா இரண்டு பின்னங்கால்களின் இணைத்தடத்தை இடைவெளி விட்டு விட்டுப் பதிக்கும், முன்கால் தடமே இருக்காது. முயலுக்கு முன்னால் பெரிய தடம் இரண்டு பக்கம் பக்கமாக, பின்னால் சிறியவை ஒன்றன்பின் ஒன்றாக. பெரியவை இருக்கும் பக்கம்தான் அது போன திசை. தடத்தின் மேல் குறுக்காக வண்டு ஊர்ந்த கோடு இருந்தால், வண்டு அலைந்த நேரத்துக்கு முன்பே விலங்கு போய்விட்டது.

தானியங்கிக் கேமரா வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் உணரி, விலங்கின் வெப்பத்துக்கும் பின்புலத்தின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. தரையும் 37 டிகிரியை நெருங்கினால் மான் நேரே வந்து நின்றாலும் படம் விழாது. "பகலில் விலங்கே இல்லை" என்று அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. கேமராவைக் கிழக்கு மேற்காகத் திருப்பி வைத்தால் உதயமும் அஸ்தமனமும் நூற்றுக்கணக்கான வெற்றுப் படங்களைத் தரும். நரி, பூனைக்கு 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரம் போதும். முன்னால் ஆடும் புல்லை மூன்று நான்கு மீட்டருக்கு அகற்றிவிடுங்கள். சூடான புல் அசைந்தாலே படம் விழும்.

இவற்றை வீட்டில் வளர்க்கலாமா?

ஃபென்னெக் வேண்டாம். இரவெல்லாம் தோண்டும், கத்தும். கூட்டமாக வாழப் பழகியது தனியே வைத்தால் வாடும். வீடுகளில் வளர்க்கப்படும் ஜெர்பில் என்ற சிற்றெலி பெரும்பாலும் மங்கோலிய இனம், குளிர்ப் புல்வெளியிலிருந்து வந்தது. அதைப் பாலைவன எலி என்று நினைத்துத் தண்ணீர் வைக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தண்ணீர்ப் புட்டி எப்போதும் வேண்டும். கண்ணாடித் தொட்டியில் 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டும் படுக்கை, குளிக்க மணல், தனியாக அல்லாமல் ஒரே பாலின இணை. ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினால் ரோமம் பிசுபிசுத்துச் சிலிர்த்து நிற்கும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தோல் உறைபோல் கழன்று வந்துவிடும், மறுபடி வளராது.

பாலைவனத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டி வைப்பது நல்லதுதானே?

எல்லா இடத்திலும் அல்ல. நீர் தேவைப்படும் விலங்குகள் அதைச் சுற்றியே குவிந்து புல்லை மொட்டையடிக்கும். வேட்டையாடும் விலங்குகளும் அங்கேயே தங்கும். தண்ணீர் இல்லாமல் வாழப் பழகிய இனங்களுக்குத்தான் இதில் நட்டம். வேலியால் பழைய நீர்நிலைக்கான வழி அடைபட்ட இடத்தில் கட்டியே ஆக வேண்டியிருக்கும். அப்போது பக்கச்சுவரைச் செங்குத்தாக விடாதீர்கள். எலியும் முள்ளெலியும் விழுந்து ஏற முடியாமல் மூழ்கி, நீரும் அழுகும். ஒரு பக்கம் சாய்தளம் வேண்டும். அதன் மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும், அடிவரை இறங்க வேண்டும். நீர்மட்டம் குறையும்போது பாதியில் முடியும் சாய்தளத்தால் பயனில்லை.